வளர்ப்புப் பிள்ளை கற்ற பாடம்

ஆர்தர் மன்னனின் இளமைக் கதையை ரி. எச். வைற் 1938இல் நாவலாக்கினார். சேர் எக்டரின் கோட்டைக்குள், தன் பிறப்பறியாது வளரும் வளர்ப்புப் பிள்ளையை மந்திரவாதி மேர்லின் மீனாகவும் பறவையாகவும் மாற்றி உலகைக் காட்டுகிறார். பலமே நியாயம் என்கிறது அகழியின் பெருமீன்.

காட்டு வாத்துகள் அந்நூலில் இல்லை. எல்லையென்றால் என்னவென்று கேட்கும், தம்மினத்தையே கொல்வதா என்று அதிரும் அவ்வாத்துகளை வைற் 1941 அளவில், உலகப் போரின் நடுவே, அயர்லாந்தில் இருந்து எழுதினார். அப்போது அப்பாடம் சிறுவனுக்கல்ல. இறுதிப் போருக்கு முந்திய இரவில் முதிய மன்னனுக்கு. 1958இல் நாவல்கள் ஒரே தொகுப்பாக வந்தபோதுதான் அது சிறுவனிடம் இடம்பெயர்ந்தது.

இதை வெறும் பதிப்பு மாற்றமாக நான் கருதவில்லை. காலங்கடந்து அறிந்த கிழவனென்றால் இரங்கலாம். இப்போதோ, சிறுவயதிலேயே எல்லைகளின் பொய்மையை அறிந்தவன்தான் அப்போருக்குப் படைநடத்துகிறான். பழைய வடிவம், வைற் இறந்து 13 ஆண்டுகளின் பின், 1977இல் அச்சேறியது.