கேட்காமல் வந்த காசு

டிவியில் காலைப் பிரசங்கம் ஓடும்போது கீழே வங்கிக் கணக்கு எண்ணும் கூடவே ஓடும், பார்த்திருப்பீங்க. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜார்ஜ் முல்லர் ஞாபகம் வந்துடும். சர்ச்சில் அடிக்கடி அடிபடுகிற பேர்தான். காலையில் சாப்பாடு இல்லை, ஜெபம் பண்ணினார், ரொட்டிக்காரர் வந்து கதவைத் தட்டினார் என்கிற கதை மேடைக்கு மேடை கொஞ்சம் வளரும். அதை விடுங்க. எனக்குப் பிடிச்சது அவரோட கணக்கு நோட்டு.

ஆள் ஆரம்பத்தில் பரம யோக்கியர் எல்லாம் கிடையாது. 1805-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். அப்பா வரி வசூல் அதிகாரி. வீட்டில் இருந்த அரசாங்கப் பணத்திலேயே பையன் கைவைத்தான். 16 வயசில் ஓட்டலில் தங்கிவிட்டுக் காசு கொடுக்க முடியாமல் சிறைக்கும் போனான். மனம் திரும்பியது 1825-ல், ஹாலே நகரத்தில் படிக்கும்போது, ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில். ஹாலேன்னதும் நமக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வரணும். 1706-ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு படித்த ஊர் அது. அந்த ஹாலேயில் ஃபிராங்கே என்ற போதகர் 1690-களில் தொடங்கிய அநாதை இல்ல வளாகத்தில் முல்லரும் கொஞ்ச நாள் தங்கியிருக்கிறார். விதை அங்கே விழுந்ததுதான்.

பிறகு இங்கிலாந்து வந்து டெய்ன்மத் என்ற ஊரில் ஒரு சின்ன சபைக்குப் போதகர் ஆனார். அந்தக் காலத்தில் சர்ச் பெஞ்சுக்கு வாடகை உண்டு. காசுள்ளவருக்கு நல்ல இடம், இல்லாதவருக்கு மூலை. அந்த வாடகையில்தான் போதகர் சம்பளம். 1830-ல் முல்லர் அது வேண்டாம்னுட்டார். ஏழையை ஓரத்தில் உட்காரவைத்து வருகிற காசு வேதத்துக்கு ஒத்துவராது என்பது அவர் வாதம். பதிலுக்கு ஒரு பெட்டி வைத்தார்கள், இஷ்டப்பட்டவர் போடட்டும் என்று. வேடிக்கை என்னன்னா, பெட்டியைத் திறக்க வேண்டியவர் வாரக்கணக்கில் திறக்க மாட்டார். வீட்டில் காசில்லை. ஆனாலும் 'கொஞ்சம் திறந்து பாருங்களேன்' என்று சொல்ல முல்லர் வாய் திறக்கவில்லை.

1836-ல் பிரிஸ்டல் நகரத்து வில்சன் தெருவில், வாடகை வீட்டில் அநாதை இல்லம் ஆரம்பித்தார். ரெண்டே விதி: தேவையை வெளியாரிடம் சொல்வதில்லை, கடன் வாங்குவதில்லை. 1838-ல் இருந்து சில வருஷம் சரியான முடை. கூட வேலை செய்தவர்களே சேர்ந்து ஜெபித்து, கையில் இருந்ததையும் போட்டு ஓட்டினார்கள். காசு இல்லாதபோது நாமெல்லாம் கடைக்காரரிடம் கணக்கு வைப்போம். இவர் வாரக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்துவந்த ரொட்டி, பால் பணத்தைக்கூட அன்றன்றைக்கே தீர்க்க ஆரம்பித்தார்!

சரி, வருஷா வருஷம் அறிக்கை அச்சடிச்சாரே, அதுவும் ஒருமாதிரி கேட்கிறதுதானே? நியாயமான கேள்வி. ஆனா 1841 டிசம்பரைப் பாருங்க. கூட்டம் போட்டு அறிக்கை படிக்க வேண்டிய நேரம். கையில் ஒன்றும் இல்லை. படித்தாலே விஷயம் வெளியே தெரிந்துவிடும், காசும் வந்துவிடும். அதனாலேயே கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிவைத்தார்கள். அடுத்த சில மாசம் நாளுக்கு நாள் இழுபறி. என்னளவில் இது அந்தக் கேள்விக்குப் பாதி பதில். மீதிப் பாதி இன்னும் உறுத்துது. 'இவர் யாரிடமும் கேட்க மாட்டார்' என்ற பேர் ஊரெல்லாம் பரவியபிறகு, அந்தப் பேரே ஒரு விளம்பரம் ஆகிவிடுமே.

1845-ல் பிள்ளைகள் போடும் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் கடிதம் எழுதினார். ஊழியத்துக்கு எதிர்ப்பு, சாத்தானின் வேலை என்றெல்லாம் முல்லர் குதிக்கவில்லை. சாதக பாதகங்களை எழுதிவைத்துப் பார்த்தார், அவர்கள் சொல்வது சரின்னு பட்டது. ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுன் மேட்டில் இடம் வாங்கி 1849-ல் குடிபோனார்கள். 1870-க்குள் அங்கே ஐந்து பெரிய கட்டிடம், 2,050 பிள்ளைகளுக்கு இடம். சில்லறைக் காசு வந்தாலும் கணக்கில் ஏறும். கொடுத்தவர் பேர் அச்சில் வராது.

ஒரு குறையையும் சொல்லிடணும். முறைப்படி திருமணமான பெற்றோருக்குப் பிறந்து, ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகளைத்தான் சேர்த்தார். மற்ற பிள்ளை என்ன பாவம் செய்தது? அந்தக் காலம் அப்படின்னு சொல்லித் தாண்டிப்போக எனக்கு மனசு வரலை.

நம்ம பக்கத்துத் தொடர்பு ஒன்று. முல்லர் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பல் வைத்தியத்தை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். 1833-ல் இந்தியா வந்தார். அவரோடு பழகிய திருநெல்வேலிச் சீமை அருளப்பன், மிஷன் சம்பளம் இல்லாமலே கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் நடத்தினார். பிற்பாடு டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளை வளர்த்ததும் காசு கேட்பதில்லை என்ற இதே வழியில்தான்.

முல்லர் 1898 மார்ச்சில், 92 வயசில் இறந்தார். அவர் கைவழியாகப் போன பணம் சுமார் 15 லட்சம் பவுன். அவருடைய சொந்த உபயோகத்துக்கென்று வந்ததிலும் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டிருந்தார். செத்தபிறகு சொத்துக் கணக்கு எடுத்தார்கள். புத்தகம், மேசை நாற்காலி, கையிருப்பு எல்லாம் சேர்த்து 200 பவுன்கூடத் தேறவில்லை.