நேதன் ஜான்ஸன் படித்த புத்தகம்

அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நியூ பெட்ஃபோர்ட் திமிங்கில எண்ணெயில் பணம் பார்த்த துறைமுகம். அங்கே ஏழாவது தெருவின் 21ஆம் எண் மரவீடு 2000இல் தேசிய நினைவுச்சின்னமாக்கப்பட்டது. அதில் வாழ்ந்த நேதன் ஜான்ஸனும் மனைவி பாலியும் சுதந்திரக் கறுப்பர்கள். பாலி மிட்டாய் பலகாரம் செய்து விற்றவர். தப்பி வந்த அடிமைகளுக்கு அந்த வீடு புகலிடம். எனக்கு அதில் அக்கறை, அங்கே ஒரு புத்தகம் படிக்கப்பட்டது என்பதால்.

1838 செப்டம்பரில் பால்டிமோரிலிருந்து தப்பிய இருபது வயது ஃபிரடெரிக் பெய்லி, நியூயார்க்கில் அன்னா மர்ரேயை மணந்து, ஜான்ஸன் என்று பெயரை மாற்றிக்கொண்டு இங்கு வந்தார். வண்டிக்கூலியில் இரண்டு டாலர் குறைந்ததால் வண்டிக்காரர் மூட்டைகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். நேதன் பணம் கொடுத்து மீட்டார். ஊரிலோ ஏகப்பட்ட ஜான்ஸன்கள். வேறு பெயர் வேண்டும். நேதன் அப்போது படித்துக்கொண்டிருந்தது வால்டர் ஸ்காட்டின் 'தி லேடி ஆஃப் த லேக்'. அதில் அரசனின் பகைக்கு ஆளாகி மறைந்து வாழும் டக்ளஸின் பெயரைச் சொன்னார். ஃபிரடெரிக் என்பதை மட்டும் விடுவதற்கில்லை என்றார் வந்தவர். டக்ளஸின் கடைசியில் ஒரு 'எஸ்' கூடிற்று.

ஸ்காட்டை நான் பி.ஏ.வில் மார்க்குக்காகப் படித்தேன். தென்மாநிலங்களின் குலப்பெருமைப் பைத்தியத்துக்கும் உள்நாட்டுப் போருக்குமே ஸ்காட்தான் பெரிதும் பொறுப்பு என்று மார்க் ட்வைன் 1883இல் சாடினார். மிகைதான், ஆனால் தோட்ட முதலாளிகள் ஸ்காட்டில் சொக்கிக் கிடந்தது உண்மை. அதே ஸ்காட், உழைத்துக் காய்ப்பேறிய ஒரு கறுப்பரின் கையில் வேறு காரியம் செய்தார். ஒரு படைப்பு யாருக்குச் சேவகம் செய்கிறது என்று பிரதியைப் பார்த்தே தீர்ப்பெழுதும் நம் விமர்சகர்களின் கணக்கில் இந்தக் கை வருவதில்லை.

1845இல் வந்த சுயசரிதையில் டக்ளஸ், நேதனைத் தன் பழைய ஊர் அடிமை முதலாளிகளில் பத்துக்கு ஒன்பது பேரோடு ஒப்பிடுகிறார்: அவர்களைவிட அதிகப் பத்திரிகைகளை வாங்கி, காசும் கொடுத்து, படித்தவர் என்று. (காசு கொடுத்து! சிறுபத்திரிகைக்காரர்கள் கவனிக்க.)

ஊர் அப்படியொன்றும் சொர்க்கமில்லை. கப்பலுக்குக் கலப்பற்று அடிப்பது டக்ளஸுக்குத் தெரிந்த தொழில். வெள்ளைத் தொழிலாளிகள் கூட வேலைசெய்ய மறுத்ததால், இரண்டு டாலர் கிடைக்க வேண்டிய இடத்தில் ஒரு டாலருக்கு மூட்டை தூக்கினார்.

பெயர் சட்டத்தில் ஏறியது 1846இல். பிரிட்டிஷ் நண்பர்கள் 150 பவுன் கொடுத்து அவரை அவரது எஜமானரிடமிருந்து வாங்கி விடுவித்தார்கள். விடுதலைப் பத்திரத்தில் முதலில் நிற்பது பெய்லிதான். நேதன் கொடுத்த பெயர், எங்கள் வங்கி லெட்ஜரில் 'என்கிற' போட்டு எழுதுவோமே, அந்த இடத்தில் இருக்கிறது.