நார்த்தாமலையில் மோட்டிஃப் தேடுவோருக்கு

நம் வாசிப்பு வட்டத்தில் டெக்ஸ்டைல் டிசைன் படிக்கும் தோழர்கள் சிலர் இருக்கிறார்கள். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மெத்தை உறை போன்ற வீட்டுத் துணிகளில் அடுத்து எந்தப் பிரிண்ட் எடுபடும் என்று ஆராய்வது அவர்களுக்கு ஒரு பாடம். "உங்கள் மண்ணிலிருந்து எடுங்கள்" என்று கல்லூரியில் சொல்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நேராக நார்த்தாமலைக்குப் போகிறார்கள். அதில் தவறில்லை. அள்ள அள்ளக் குறையாத இடம் அது. வட்டக் கருவறையோடு நிற்கும் விஜயாலய சோழீச்சரம், அதன் எதிரே குடைவரையின் முன் அடித்தளத்தில் வரிசையாக ஓடும் யாளிகளும் யானைகளும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தால் ஒரு பார்டர் கிடைத்துவிடும்.

அங்கிருந்து சித்தன்னவாசல் பக்கம்தான். 9ஆம் நூற்றாண்டு ஓவியம் என்றதும் எல்லோரும் முன்மண்டபக் கூரையின் தாமரைக் குளத்தைத்தான் படம் எடுப்பார்கள். கருவறைக் கூரையை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. அங்கே தீட்டியிருப்பது ஒரு விரிப்பு. கோடு போட்ட கரை, உள்ளே சதுரங்களும் வட்டங்களும், வட்டங்களுக்குள் மனித உருவங்களும் சிங்கங்களும். துணியைப் பார்த்துத்தான் ஓவியன் கல்லில் தீட்டியிருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உள்ளலங்காரத் துணியின் சாயல் நம் மாவட்டத்திலேயே, தலைக்கு மேலே இருக்கிறது.

சரி, அப்படிப்பட்ட துணியை நெய்தது யார்?

இந்தக் கேள்வி நமக்குச் சும்மா வரவில்லை. வட்டத்தில் உள்ள ஒரு தோழி, தன் சேரியின் கைவேலை மரபிலிருந்து ஒரு டிசைன் தொகுப்பு செய்யலாம் என்று கேட்டபோது, "உங்கள் சமூகத்துக்கு நெசவு மரபு கிடையாதே, வேறு தலைப்பு எடு" என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகவும் தெரியவில்லை. பாடப்புத்தகம் அவருக்குச் சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலை எடுத்துப் பாருங்கள். நம்மைப் பற்றி அதில் எரிச்சலூட்டும் வரிகள் நிறைய உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனால் பறையர் பற்றிய பகுதியில், முதலாம் இராசராசன் (985–1014) காலக் கல்வெட்டொன்று சுட்டப்படுகிறது. அதில் பறையருக்குள் இரண்டு பிரிவுகள்: நெசவுப் பறையர், உழவுப் பறையர். அப்போதே தனிக் குடியிருப்பு, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு இருந்தன என்பதும் அங்கேயே வருகிறது. ஆக, நெசவும் ஒதுக்கமும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. தறியில் உட்கார்ந்த கையை ஊர்க் கிணற்றில் வைக்க விடவில்லை.

பிற்காலத்திலும் இந்த இழை அறுந்துவிடவில்லை. தஞ்சை, மதுரை மாவட்டங்களில் வாழ்ந்த கோலியர் என்னும் நெசவாளரை, முன்பு பறையராக இருந்து பின்னர் மண உறவும் உணவு உறவும் விட்டுப் பிரிந்தவர்கள் என்று 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுதுகிறது. தஞ்சைக்கும் மதுரைக்கும் நடுவில் இருப்பது நம் புதுக்கோட்டை.

நார்த்தாமலையும் வெறும் கோயில் ஊர் அல்ல. நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். கல்வெட்டுகளில் தெலிங்ககுலகாலபுரம் என்ற பெயரோடு, 'நகரம்' என்னும் வணிகர் சபையோடு இருந்த ஊர். அந்த வணிக உலகத்தின் சரக்கு என்ன என்பதை அறிய பிரான்மலைக்குப் போக வேண்டும். அங்குள்ள 13ஆம் நூற்றாண்டு வணிகக் குழுக் கல்வெட்டு, எந்தெந்தச் சரக்குக்கு எவ்வளவு கோயிலுக்குக் கொடுப்பது என்று பட்டியல் போடுகிறது. உப்பு, நெல், மிளகு இவற்றோடு பருத்தி, நூல், பருந்துணி, மென்துணி எல்லாம் அதில் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு சுத்தமாக இருக்கிறது. நூற்றவள், நெய்தவன் பெயர் இல்லை. கொடுத்தவர் பெயரைக் கல் மறக்காது. நார்த்தாமலைப் பழியிலி ஈச்சரத்தைக் குடைவித்த சாத்தன் பழியிலியும், அதற்கு மண்டபம் எடுத்த அவன் மகள் சிறிய நங்கையும் இன்றும் பெயரோடு இருக்கிறார்கள். உளி பிடித்தவர்கள் இல்லை.

"ட்ரெண்ட் ரிசர்ச்" என்று இன்று நீங்கள் படிப்பதும் இந்தக் கணக்குப்புத்தகத்தின் வாரிசுதான். 1643இல் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. சிவப்புத் தளம் போட்ட வண்ண விரிப்புகள் இங்கே விலை போகவில்லை, வெள்ளைத் தளத்தில் வண்ணப் பூக்களும் கிளைகளும் போட்டு அனுப்புங்கள் என்பது அதன் சாரம். இதைவிடத் தெளிவான ட்ரெண்ட் ரிப்போர்ட் உண்டா? சோழமண்டலக் கரையின் வண்ணத்துணி அடுத்த நூறு ஆண்டுகளில் ஐரோப்பியக் கட்டிலையும் சுவரையும் பிடித்துக்கொண்டது. உள்ளூர் நெசவு செத்துப்போகும் என்று பயந்து பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700இலும் மறுபடி 1721இலும் தடை போட்டன. தடை போட்டுக்கொண்டே தொழில்நுட்பத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து, சோழமண்டலக் கரையில் தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற வண்ணக்காரர்களை விசாரித்து, கடுக்காயில் தொடங்கிச் சாயவேர் வரை ஒவ்வொரு படியையும் 1742இல் கடிதமாக அனுப்பினார். வெளுப்பது, துவைப்பது, வெயிலில் விரிப்பது என்று பாதி வேலை வண்ணார் வேலை. சென்னை வண்ணாரப்பேட்டை அந்தக் கம்பெனித் துணியால் எழுந்த பேட்டைதான். சிவப்புக்கு வேண்டிய சாயவேரை, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில், டச்சுக்காரர்கள் சில சாதிகளின் மேல் கட்டாய ஊழியமாகச் சுமத்தித் தோண்ட வைத்தார்கள். பூவின் சிவப்பு என்று இன்று அருங்காட்சியகத்தில் ரசிப்பதில் அந்த முதுகுகளும் இருக்கின்றன.

பிறகு 1866. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளை வெட்டி 700 மாதிரிகளாக 18 தொகுதிகளில் ஒட்டினார். 20 செட். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. அங்கத்திய ஆலைக்காரர்கள் பார்த்துப் பார்த்து நெய்து இங்கேயே விற்கலாம் என்பது திட்டம். நீளம், அகலம், எடை, விலை, ஊர் எல்லாம் குறித்திருப்பார். அதை இணையத்திலும் பார்க்கலாம், மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நெய்தவர் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நெய்த கைக்கு அந்தத் துணி கிடைத்ததா? பக்கத்து இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. வீட்டுக்குள் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. உள்ளலங்காரம் பற்றிப் படிக்கிறவர்கள் அந்தக் கடைசித் தடையை இன்னொரு முறை படியுங்கள். வீட்டுக்குள்ளே எது இருக்கலாம் என்பதையும் சாதிதான் தீர்மானித்தது. "அவர்கள் வீட்டில் அலங்கார மரபே இல்லை" என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். இருக்க விட்டால்தானே.

தோழி தன் தலைப்பை மாற்றப் போவதில்லை. சித்தன்னவாசல் விரிப்பை ஸ்கேலில் வரைந்து முடித்துவிட்டார், யாளி வரிசை பாக்கி. மூட்போர்டில் வண்ணத் துண்டுகளுக்குப் பக்கத்திலேயே நெசவுப் பறையர் பற்றிய குறிப்பையும் அந்த எட்டுத் தடைகளையும் தட்டச்சு செய்து ஒட்டச் சொல்லியிருக்கிறோம். இதே வேலையில் இருக்கும் மற்ற தோழர்களும் அப்படிச் செய்யலாம். அதோடு ஊரில் தறி ஓட்டிய, சாயம் காய்ச்சிய, நூல் இழைத்த கிழவர் கிழவிகள் இருந்தால், உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு பெயரும் ஊரும் எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பு சரியில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் எங்களுக்கு எழுதுங்கள். பதில் எழுதுவதற்குச் சான்றுகளோடு வருகிறோம்.