முடியாத காருக்கும் ஓடாத காருக்கும் கண்காட்சியில் இடம் உண்டா?

அமெரிக்காவில் கோடை காலம் வந்தால் சின்னச் சின்ன நகரங்களில்கூட ஏதாவது ஒரு வார இறுதியில் கார்க் கண்காட்சி நடக்கும். பழைய ஃபோர்ட் கார்களை வாங்கி, கழற்றி, வெட்டி, பெரிய என்ஜின் பூட்டி, வேகமாக ஓடச் செய்கிற ஒரு பழக்கம் அங்கே இருக்கிறது. அந்தக் கார்களுக்கு ஹொட் ரொட் என்று பெயர். இந்தக் கண்காட்சிகளில் ஓயாமல் நடக்கிற ஒரு சண்டை உண்டு. அது இரண்டு வகைக் கார்களைப் பற்றியது.

ஒன்று, வேலை முடியாத கார். பெயின்ட் இல்லை, பிரைமரோடு நிற்கும், உள்ளே சீற் இருக்காது, வயர்கள் தொங்கும். மற்றது, கண்ணாடி மாதிரி மினுங்குகிற கார். ஆனால் வீட்டிலிருந்து ஓட்டி வரவில்லை, ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டு வந்து இறக்கியது. முதலாவதைப் பார்த்து, "முடிக்காத சாமானை ஏன் காட்ட வந்தீங்கள்?" என்று கேட்பார்கள். இரண்டாவதைப் பார்த்து, "ஓட்டாத காரை வச்சு என்ன பெருமை?" என்று கேட்பார்கள். இதற்கென்றே 'ட்ரெய்லர் குயின்' என்று ஒரு நக்கல் பெயரும் இருக்கிறது.

கேட்க, காசும் நேரமும் இருக்கிற ஆக்களின் பொழுதுபோக்குச் சண்டை மாதிரித்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் வரலாற்றைக் கிளறிப் பார்த்தால் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு கலையை ஆர் செய்யலாம், எந்தக் கட்டத்தில் அதை நாலு பேருக்கு முன் கொண்டு வரலாம், அதை ஆர் தீர்மானிக்கிறது? இது காருக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை.

கழற்றுவதில் தொடங்கிய கதை

ஃபோர்ட் கம்பனி 1908 முதல் 1927 வரை சுமார் 1.5 கோடி மொடல் டி கார்களைச் செய்து தள்ளியது. 1932இல் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைவலு வி8 என்ஜினோடு ஒரு காரை விட்டது. 1930களில் தெற்குக் கலிபோர்னியாவில் பழைய மொடல் டி, மொடல் ஏ கார்கள் மலிவாகக் கிடந்தன. வேலை செய்து பிழைக்கிற குடும்பத்துப் பெடியள் அவற்றை வாங்கினார்கள்.

லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூரொக், எல் மிராஜ் போன்ற வற்றிய ஏரிகள் இருக்கின்றன. நிலம் மேசை மாதிரித் தட்டை. பெடியள் கிழமை முடிவில் காரை ஓட்டிக்கொண்டு அங்கே போவார்கள். போய் மட்கார்ட், ஹெட்லைட், முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைப்பார்கள். பாரம் குறைந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான் தத்துவம். ஓடி முடிந்ததும் திரும்பப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போவார்கள். இந்த ஓட்டங்களுக்கு நேரம் கணிக்கவும் ஒழுங்கு கொண்டுவரவும் 1937இல் பல கழகங்கள் சேர்ந்து தெற்குக் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தன. அது இன்றைக்கும் இயங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கோ. கம்பனியின் கண்ணால் பார்த்தால் ஹொட் ரொட் என்பதே அரைகுறைக் கார்தான். தொழிற்சாலை முடித்து அனுப்பியதை வாங்கியவன் குலைத்துப் போட்டிருக்கிறான். மட்கார்ட் இல்லாத காரைப் பொலிஸ் மறித்ததும், பத்திரிகைகள் இந்தப் பெடியளைத் தெருச்சண்டியர்களாக எழுதியதும் அதனால்தான். 'முடிந்தது' என்று சொல்கிற உரிமையைக் கம்பனியிடமிருந்து பறித்துத் தன் கையில் எடுத்துக்கொண்டதுதான் இந்தக் கலையின் பிறப்பு. பிறகு அதே கலைக்குள் இருந்தே சிலர் "முடிக்காமல் வராதே" என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது.

முதல் கண்காட்சி

அந்தக் கெட்ட பெயரை மாற்றத்தான் 1948 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தேசிய காவற்படை மண்டபம் ஒன்றில் அந்தச் சங்கம் மூன்று நாள் ஹொட் ரொட் கண்காட்சியை நடத்தியது. ரொபர்ட் பீற்றர்சன் என்ற இளைஞர் தான் தொடங்கிய 'ஹொட் ரொட்' சஞ்சிகையின் முதல் இதழை 25 சதத்துக்கு அங்கேதான் விற்றார். பின்னாளில் பெரிய பதிப்பகமாக வளர்ந்த நிறுவனம் அது.

அந்தக் கண்காட்சியில் முடிந்த கார்கள் மட்டும் நிற்கவில்லை. சனங்களுக்கு முன்னாலேயே ஒரு ரோட்ஸ்டரைப் பூட்டிக் காட்டவும் செய்தார்கள். காரணம் விளங்குகிறது. "இவங்கள் குழப்படிக்காரர் இல்லை, கைவேலை தெரிந்தவர்கள்" என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டும். மினுங்குகிற காரைக் காட்டினால் காசு தெரியும். பூட்டப்படுகிற காரைக் காட்டினால்தான் கை தெரியும். ஆகவே முடியாத கார் இந்தக் கண்காட்சிகளுக்குள் பிறகு வந்து புகுந்த விருந்தாளி இல்லை. தொடக்கத்திலேயே வீட்டு ஆளாக இருந்திருக்கிறது.

ஒன்பது அடிக் கிண்ணம்

1950இல் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரில் அல் ஸ்லோனேக்கர், மேரி ஸ்லோனேக்கர் தம்பதியினர் ரோட்ஸ்டர் கண்காட்சியைத் தொடங்கினார்கள். 'அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்' என்று ஒரு பரிசு. கிண்ணத்தின் உயரம் 9 அடி. போட்டி, நடுவர், கிண்ணம் என்று வந்த பிறகு எல்லாம் மாறத் தொடங்கியது. கல்லுப் பட்டால் புள்ளி குறையும். எண்ணெய் கசிந்தால் புள்ளி குறையும். அப்படியென்றால் ஓட்டாமல் இருப்பதுதானே புத்தி?

முதல் வருஷம் அந்தக் கிண்ணத்தை வென்றவர் பில் நீகம்ப். அவருடைய 1929 மொடல் ஏ ரோட்ஸ்டர் சும்மா அலங்காரக் கார் இல்லை. 1952இல் அதையே எல் மிராஜுக்குக் கொண்டுபோய் மணிக்கு 142 மைல் வேகத்தில் ஓடவிட்டார். அழகும் ஓட்டமும் ஒரே காரில் இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆனால் அடுத்த பத்து வருஷங்களில் இரண்டும் பிரிந்தன. 1958, 1959 இரண்டு வருஷமும் அதே கிண்ணத்தை வென்ற 'அலா கார்ட்' ஜோர்ஜ் பாரிஸின் கராஜில் உருவான கார். அடிப்பாகம்கூட அலங்கரிக்கப்பட்டது. எட் ரோத் 1961 அளவில் முடித்த 'பீட்னிக் பண்டிட்' என்ற காருக்குக் கூரைக்குப் பதில் கண்ணாடிக் குமிழி. ஸ்டியரிங் வட்டமே இல்லை, நடுவில் ஒற்றைத் தண்டு. அதில் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வர முடியாது. ஆனால் அதன் பொம்மை வடிவம் 1968இல் வந்த முதல் 16 ஹொட் வீல்ஸ் கார்களில் ஒன்று. 1963இல் டொம் வுல்ஃப் எஸ்குவயர் சஞ்சிகையில் பாரிஸையும் ரோத்தையும் பற்றி எழுதியபோது அவர்களை மெக்கானிக்குகளாக இல்லை, கலைஞர்களாகவே பார்த்தார்.

அதனால் ட்ரெய்லரில் வருகிற காரை ஒரே வசனத்தில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. சிற்பம் நடக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. அதோடு ட்ரெய்லர் பணக்காரர் கண்டுபிடித்ததும் இல்லை. 1946இல் பில் பர்க் என்பவர் போர் முடிந்து மிஞ்சிய விமான எரிபொருள் தாங்கியை வைத்து ஓட்டக் கார் ஒன்றைச் செய்தார். அதைப் பார்த்துப் பலர் செய்தார்கள். அந்தக் கார்கள் தெருவில் ஓடுகிற சாதியே இல்லை, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அவற்றை ஒருவரும் குயின் என்று நக்கலடிக்கவில்லை. ஏனென்றால் ஏரியில் இறக்கினால் அவை பறக்கும்.

ஓட்டக்காரரின் பதில்

கிண்ணக் கலாசாரத்துக்கு எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. 1970இல் 'ரொட் அன்ட் கஸ்ரம்' சஞ்சிகைக்காரர் இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் தெருவில் ஓடும் ஹொட் ரொட்களுக்கென்று தேசிய ஒன்றுகூடல் ஒன்றை நடத்தினார்கள். தூர இடங்களிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்வதுதான் அதன் பெருமை. 1995இல் ஹொட் ரொட் சஞ்சிகை லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒஹாயோ மாநிலத்தின் நோர்வோக் வரை கார்களைக் கூட்டமாக ஓட்டிச் செல்லும் பயணத்தைத் தொடங்கியது. அழகான ரோட்ஸ்டர் போட்டியிலும் இப்போது கார் தன் சொந்த என்ஜினில் ஓடிக் காட்ட வேண்டும்.

மற்றப் பக்கத்தில், பிரைமரும் துருவுமாக நிற்கிற 'ராட் ரொட்' கார்கள் வந்தன. டெட்ரொய்ட் நகரில் 1953 முதல் நடக்கும் ஓட்டோராமா கண்காட்சியில் இந்தப் பிளவைக் கண்ணாலேயே காணலாம். மேல்தளத்தில் ரிட்லர் பரிசுக்குப் போட்டியிடும் மினுங்குகிற கார்கள். அந்தப் பரிசுக்கு வருகிற கார் வேறெங்கும் காட்டப்படாததாக இருக்க வேண்டும். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெயின்ட் காணாத கார்கள், சத்தம், வெல்டிங் மணம். ஒரே கலை, இரண்டு மாடி.

இதில் ஒரு நேர்மையீனமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இப்போது துருவைக் காசு கொடுத்துப் பூசுகிறார்கள். புதுத் தகரத்தைப் பழசாக்கி, "அப்பாவின் கொட்டிலில் கிடந்தது" என்ற மாதிரிக் காட்டுகிறார்கள். அது முடியாத கார் இல்லை. முடிந்த கார் போட்டிருக்கிற வேஷம்.

ஒரு காரின் வரலாறு

முடியாத கார் என்ன ஆகலாம் என்பதற்கு டோன் ஸ்பென்சரின் 1932 ஃபோர்ட் ரோட்ஸ்டரைப் பாருங்கோ. 1947இல் பசடீனாவில் நடந்த ஓட்டத்தில் பார்வைக்கு மிகச் சிறந்த ரோட்ஸ்டர் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. பிறகு மெக்சிக்கோவில் 1950 முதல் 1954 வரை நடந்த 'கரேரா பனமெரிக்கானா' என்ற நெடுந்தூரப் போட்டியில் ஓட வேண்டும் என்று ஸ்பென்சர் அதை மறுபடி கழற்றி மாற்றத் தொடங்கினார். வேலை முடியவில்லை, போட்டியே நின்றுவிட்டது. முடியாமலே விற்றார். வாங்கியவரும் முடிக்கவில்லை. அவருக்குப் பிறகு வாங்கிய நீல் ஈஸ்ட் அதை முடித்துத் தெருவில் ஓட்டினார். 1997இல் பெபிள் பீச் என்ற மிகப் பணக்காரக் கண்காட்சி முதன்முறையாக ஹொட் ரொட்களுக்கு ஒரு பிரிவைத் திறந்தபோது, அந்தப் பிரிவில் முதலிடம் பெற்றது இதே கார்தான்.

நடுவில் எத்தனை வருஷம் அது 'அரைகுறை' ஆகக் கிடந்தது! அந்தக் காலத்தில் கண்காட்சிக்கு வந்திருந்தால் வாசலில் மறித்திருப்பார்களா?

இரண்டு சட்டமும் ஒரே ஆளில் விழும்

இந்தச் சண்டையில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முடியாத கார் எப்படிக் கண்காட்சிக்கு வரும்? பிரேக் இல்லை, லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. ஓட்டி வந்தால் சட்டப் பிழை, ஆபத்தும். ட்ரெய்லரில்தான் வரும். அப்போ "ட்ரெய்லரில் வந்தால் உள்ளே விடாதே" என்ற சட்டம் பணக்காரனைக் குறிவைத்துப் போட்டாலும், அடிபடுகிறவன் கூட்டாளியிடம் ட்ரெய்லர் இரவல் வாங்கி வந்த பெடியன்தான். "முடிக்காமல் வராதே" என்பதும் அவனுக்குத்தான் அடி. காசு உள்ளவர் கராஜுக்குக் கொடுத்து இரண்டு வருஷத்தில் முடிப்பார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதம் ஒரு பாகம் வாங்குகிறவனுக்குப் பத்து வருஷம் எடுக்கும். அந்தப் பத்து வருஷமும் அவன் பார்வையாளனாகவே கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டுமா?

நான் நினைக்கிறது இதுதான். காட்டுவதும் பரிசு கொடுப்பதும் இரண்டு வேலை. பரிசுக்கு எவ்வளவு கடுமையான சட்டமும் போடட்டும்: ஓட வேண்டும், முடிந்திருக்க வேண்டும், போட்டி என்றால் அளவுகோல் வேண்டும்தான். ஆனால் காட்டுகிற இடத்தின் கதவு அகலமாக இருக்கட்டும். ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஒரு மட்டையில் நாலு விஷயம் எழுதி வைத்தால் போதும்: ஆர் செய்தது, எவ்வளவு முடிந்தது, என்ன மிச்சம், கடைசியாக எப்போது ஓடியது. காசு கொடுத்துச் செய்வித்தவர் அதை எழுதட்டும். பூசிய துரு என்றால் அதையும் எழுதட்டும். பார்க்க வருகிறவர்களுக்குத் தாங்களே முடிவெடுக்கத் தெரியும்.

இந்தக் கலையைத் தொடங்கியவர்கள் இருபது வயதுக்காரர். அந்த வயதில் இருக்கிற ஒருத்தி இன்று ஒரு கண்காட்சிக்குப் போய் மினுங்குகிற கார்களை மட்டும் பார்த்தால், "இது எனக்கு ஏலாது" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவற்றுக்குப் பக்கத்தில் பாதி பூட்டிய ஒன்று நின்றால், கிட்டப் போய்க் குனிந்து பார்ப்பாள், எந்தப் பாகம் எங்கே பூட்டப்படுகிறது என்று கேட்பாள். செய்தவர் அங்கேயே நின்றால் மறுமொழியும் கிடைக்கும்.