ஹிஜிலிச் சிறையைக் கண்டோம்

கனடா நாட்டின் தலைநகரான ஒட்டாவாவில் 1862-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சிறைச்சாலை ஒன்று, 1973-இல் பயணியர் விடுதியாக மாறிற்று. பணம் செலுத்திக் கொட்டடியில் படுத்துறங்கினர் பயணிகள்! அத்துணைத் தொலைவு சென்று காண நமக்கு வசதி ஏது? ஆனால் வேறு பிறவி எடுத்த சிறை ஒன்று நம் கரக்பூரிலேயே உள்ளது. ரயில் நிலையத்தின் 1072 மீட்டர் நடைமேடையைப் பெருமையுடன் காட்டும் நாம் (2023-இல் ஹூப்ளி 1507 மீட்டர் அமைத்து நம்மை முந்திவிட்டது) ஹிஜிலிக்கு விருந்தினரை அழைத்துச் செல்வது அரிது.

ஹிஜிலி என்ற பெயரில் தனி மாவட்டம் அமைக்க ஆங்கில அரசு எண்ணியிருந்தது. அதன் அலுவலகங்களுக்கென இம்மாளிகை எழும்பிற்று. மாவட்டம் வந்தபாடில்லை, மாளிகை மட்டும் நின்றது. மேலிடத்து எண்ணம் மாறினால் கோப்புக்கு நேரும் கதி கட்டடத்திற்கும் நேரும் என்பதை எழுத்தர் தொழில் புரிவோர் எளிதில் உணர்வர்.

1930-இல் சட்ட மறுப்பு இயக்கம் மூண்டது. நாட்டுச் சிறைகள் நிரம்பி வழியவே, இம்மாளிகை தடுப்புக் காவல் முகாம் ஆயிற்று. இங்கு அடைபட்டோரைக் கைதிகள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களல்லர் இவர்கள், விசாரணையின்றியே அடைக்கப்பட்டவர்கள். தண்டனை பெற்றவனுக்கேனும் விடுதலை நாள் தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது.

1931-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், ஆயுதமற்ற இவர்கள்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேசுவர் சென்குப்தா ஆகிய இருவர் உயிர் துறந்தனர். அவர்தம் உடல்களைப் பெற்றுச் செல்ல சுபாஷ் சந்திர போஸ் ஹிஜிலிக்கே வந்தார். கல்கத்தாவில் நிகழ்ந்த கண்டனக் கூட்டத்தில் கவிஞர் தாகூரும் குரலெழுப்பினார்.

முகாம் 1937-இல் மூடப்பெற்று, 1940-இல் மீண்டும் திறக்கப்பெற்று, 1942-இல் அறவே மூடப்பெற்றது. போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படையினர் இங்கே தங்கினர்.

விடுதலைக்குப் பின்னர் நிகழ்ந்ததே வியப்பு. சர்க்கார் குழுவின் பரிந்துரைப்படி நிறுவப்பெற்ற உயர் தொழில்நுட்பக் கழகம், 1950-இல் கல்கத்தாவிலிருந்து இக்கட்டடத்திற்கு இடம் பெயர்ந்தது. 1951 ஆகஸ்டு 18-ஆம் நாள் மௌலானா ஆசாத் அதனைத் தொடங்கி வைத்தார். முதல் மாணவர்கள் 224 பேர். ஆசிரியர்கள் 42 பேர். இளைஞரை அடைத்து வைத்த கூடங்களிலேயே இளைஞர்க்கு வகுப்பு நடந்தது! 1956-இல் முதற்பட்டமளிப்பு விழாவுக்கு வந்த நேரு, பழைய சிறையின் இடத்தில் புதிய பாரதத்தின் எதிர்காலம் உருவாவதைக் குறிப்பிட்டார். நீண்ட நாள் சிறையிலிருந்தவர் வாயிலிருந்து வந்தமையால் அச்சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

தீய நினைவென்று இதனை இடித்துத் தள்ளாமல் விட்டமை நன்று என்றே கருதுகிறோம். இன்று இது ஹிஜிலி தியாகியர் மாளிகை எனும் பெயர் தாங்கி நிற்கிறது. 1990 முதல் நேருவின் பெயரால் அறிவியல் அருங்காட்சியகமும் இதில் உள்ளது. நம் காலனிப் பிள்ளைகள் பலர் இக்கழகத்தில் இடம் பெற இரவு பகலாகப் படிக்கின்றனர். நுழைவுத் தேர்வில் வரும் வாய்பாடுகளெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மேற்சொன்ன இருவர் பெயர் மட்டும் தெரியாது. அக்குறை பிள்ளைகளுடையதன்று, வீட்டுப் பெரியவர்களுடையது.

சங்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து அண்மையில் யாம் அங்குச் சென்றிருந்தோம். பொறிகளையும் மாதிரிகளையும் பார்த்து மகிழ்ந்த சிறுவன் ஒருவன், "இங்கே இருந்தவர்கள் என்ன குற்றம் செய்தார்கள், மாமா?" என்று கேட்டான். வழக்கே நடக்கவில்லை என்று விளக்கினோம். "வழக்கில்லாமல் எப்படிப் பூட்டி வைக்கலாம்?" என்றான். உடன் வந்திருந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.