வீதியில் கிடந்தோருக்கு வீடான விடுதிகள்



எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் ஒருவர் சில மாதங்கள் படுத்துறங்கி வந்தார். தமக்குத்தாமே பேசிக்கொள்வார், எவருக்கும் தீங்கு செய்ததில்லை. பிள்ளைகள் அஞ்சுகின்றனர் என்று சிலர் முறையிட்டதால், இஷாவுக்குப் பின் வெளிக்கதவைப் பூட்டிவிடுவதென ஒரு கூட்டத்தில் முடிவு செய்தோம். நானும் அதற்கு இசைந்தேன். மறுநாள் முதல் அவரைக் காணவில்லை. மதரஸாவில் ஒரு மாணவன், "உஸ்தாத், அவர் இப்போது எங்கே படுப்பார்?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

பழைய கட்டடத்தைச் செப்பனிட்டுப் பிணியாளருக்கு அளிப்பது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. 1284-ஆம் ஆண்டில் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய புகழ்பெற்ற மருத்துவமனை, பாத்திமிய அரச குலத்தாரின் பழைய அரண்மனை ஒன்றை மாற்றியமைத்து எழுந்ததாகும். வக்ஃபு வருவாயில் நடந்த அம்மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. 1354-இல் ஹலப் நகரின் ஆளுநர் அர்கூன் அல்காமிலி ஒரு மாளிகையை மருத்துவமனையாக்கினார். முற்றமும் நீர்த்தொட்டியும் கொண்டு மனநோயாளிகளைப் பேணிய இடமாக அது அறியப்படுகிறது. ஆயினும் இவை மருத்துவமனைகள். நோய் தணிந்து வெளியேறுபவருக்குச் செல்ல வீடு இல்லையெனில் என்ன செய்வது என்பது வேறொரு வினா. அதற்கு விடை தேடிய நகரங்களுள் நியூயார்க் முதன்மையானது.

1955-இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் அடைந்து கிடந்தனர். அவ்வேளையில் புதிய மருந்துகள் வந்தன. அம்மருத்துவமனைகளின் கொடுமைகளும் வெளியாகின. 1963-இல் அதிபர் கென்னடி, ஊர்தோறும் மனநல மையங்கள் அமைப்பதற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். 1980-க்குள் மருத்துவமனைகளில் இருந்தோரின் தொகை ஒன்றரை இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. கதவுகள் திறந்தன, ஆனால், வாக்களிக்கப்பட்ட மையங்களில் பெரும்பகுதி கட்டப்படவே இல்லை.

வெளியே வந்தவர்களில் பலருக்கு நியூயார்க்கில் புகலிடமாயிருந்தவை மலிவான ஒற்றை அறை விடுதிகள். ஒரு கட்டில், ஒரு கைகழுவும் தொட்டி, நடையின் கோடியில் பொதுக் கழிவறை. வாரக் கணக்கில் வாடகை. அவை அழுக்கடைந்த இடங்கள்தாம். எனினும் தலைக்கு மேல் கூரை இருந்தது. 1970-களில், பழைய கட்டடங்களை உயர்தரக் குடியிருப்புகளாக மாற்றுவோருக்கு நகராட்சி வரிச்சலுகை அளித்தது. விடுதிகள் பல்லாயிரக்கணக்கில் அறைகளை இழந்தன. அவற்றில் வாழ்ந்தோர் வீதிக்கு வந்தனர். 1979-இல் இராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர், இராபர்ட் காலகன் என்னும் வீடற்றவரின் பெயரால் வழக்குத் தொடுத்தார். கேட்போருக்குத் தங்குமிடம் தர நகராட்சி 1981-இல் உடன்பட்டது. அதைக் காணக் காலகன் உயிரோடில்லை. அதற்கு முன்னரே தெருவில் உறங்கியபடியே இறந்துபோயிருந்தார்.

இரவுத் தங்குமிடம் வேறு, வீடு வேறு. இவ்வேறுபாட்டை முதலில் செயலில் காட்டியோர் மூன்று பிரான்சிஸ்கன் துறவியர்: ஜான் மக்வீன், ஜான் ஃபெலிஸ், தாமஸ் வால்டர்ஸ். தங்கள் தேவாலயத்திற்கு அருகிலிருந்த விடுதியில் மனநோயாளிகள் பலர் வாழ்வதைக் கண்டு அவர்களுக்கு உதவி வந்தனர். அத்தகைய விடுதிகள் கைமாறத் தொடங்கியபோது, தாங்களே ஒன்றை வாங்குவதென முடிவு செய்தனர். 1980-இல் மன்ஹாட்டனின் கிழக்கு 24-ஆம் தெருவில் ஒரு பழைய விடுதியை வாங்கிப் புதுப்பித்துப் புனித பிரான்சிஸ் இல்லத்தைத் திறந்தனர். குடியிருப்போர் அங்கே நோயாளிகளாக அன்றி வாடகைதாரராகவே இருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனி அறை. கால எல்லை இல்லை. மருத்துவ உதவி அவ்விடத்திற்கே வந்தது. அதே பத்தாண்டில் மேலும் இரண்டு விடுதிகளை அவர்கள் இவ்வாறு மாற்றினர்.

சிறிய அளவில் முடிந்தது பேரளவில் முடியுமா? அதற்கு விடை சொன்னது டைம்ஸ் ஸ்கொயர் விடுதி. 1922-இல் கட்டப்பட்ட அப்பதினைந்து மாடிக் கட்டடம், 1980-களின் இறுதியில் ஒழுகும் குழாய்களும் பழுதான மின்தூக்கிகளுமாய்ச் சீரழிந்து கிடந்தது. உரிமையாளர் கடனில் மூழ்கியிருந்தார். ரோசான் ஹாகர்ட்டி என்ற இளம்பெண் 1990-இல் 'காமன் கிரவுண்ட்' என்னும் அமைப்பைத் தொடங்கி, மறு ஆண்டே அவ்விடுதியை வாங்கினார். தொன்மையான கட்டடங்களைப் பேணுவோருக்கு அரசு அளிக்கும் வரிச்சலுகையையும் நகராட்சிக் கடனையும் இணைத்தே பணம் திரட்டப்பட்டது. எவ்வகைச் சலுகை முன்னர் ஏழைகளை வெளியேற்றியதோ, அவ்வகைச் சலுகையே இப்போது அவர்களை உள்ளே கொண்டுவந்தது.

புதுப்பித்த கட்டடத்தில் 652 குடியிருப்புகள் அமைந்தன. ஹாகர்ட்டி அனைத்தையும் மனநோயாளிகளுக்கே ஒதுக்கவில்லை. ஏறத்தாழ பாதி, வீதியிலிருந்தும் தங்குமிடங்களிலிருந்தும் வந்தோருக்கு. மீதி, நாடகக் கலைஞர் முதலிய குறைந்த வருவாய் உழைப்பாளருக்கு. ஒரே வாசலில் நுழைவோரில் நோயுற்றவர் யார், வேலைக்குச் சென்று திரும்புபவர் யார் என்று எவரும் பிரித்தறிய இயலாது. வருவாயில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே வாடகை. சமூகப் பணியாளர் அதே கட்டடத்தில் இருந்தனர். இதே முறையில், 1904-இல் கட்டப்பட்ட பிரின்ஸ் ஜார்ஜ் விடுதியும் 1999-இல் 416 குடியிருப்புகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது.

இதனிடையே, 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் மேலும் ஒரு படி சென்றார். "முதலில் மருந்து உண், முதலில் போதையை விடு, பின்னர் வீடு தருவோம்" என்பதே அதுவரை பெரும்பாலோரின் நிபந்தனை. அவர் அவ்வரிசையைத் திருப்பினார்: முதலில் வீடு, பிறகு மற்றவை. ஐந்தாண்டுகளைக் கணக்கிட்டு 2000-இல் வெளியான ஆய்வில், அவருடைய திட்டத்தில் 88 விழுக்காட்டினர் வீட்டிலேயே நிலைத்திருந்தனர். நிபந்தனைகளுடன் கூடிய பழைய முறையில் 47 விழுக்காட்டினரே நிலைத்தனர்.

செலவு பற்றி ஐயுறுவோருக்கும் விடை உண்டு. 1990-இல் நியூயார்க் மாநிலமும் நகரமும் இணைந்து, மனநோயுற்ற வீடற்றோருக்கான குடியிருப்புத் திட்டம் ஒன்றை வகுத்தன. அதில் குடியேறிய 4,679 பேரின் பதிவுகளைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். தெருவில் இருந்தபோது ஒருவருக்காகத் தங்குமிடம், மருத்துவமனை, சிறை ஆகியவற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டாலர் செலவாகியிருந்தது. வீடு கிடைத்தபின் அச்செலவு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் குறைந்தது. வீட்டுக்கான செலவில் ஏறத்தாழ முழுவதையும் அக்குறைவே ஈடு செய்தது. கைவிடுவதும் செலவுதான், அது வேறு கணக்கேடுகளில் எழுதப்படுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் போயின. ஷிஃபா வேண்டி உறவினர் அழைத்துவந்த இடமே அவர்களுக்குச் சிறையாயிற்று. அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்தோரில் பலர் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சங்கிலி அகன்றது, வீடு கிடைக்கவில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்திற்காக மட்டுமே ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கலாகாது என்றும் கூறுகிறது. 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தி பேன்யன்' அமைப்பு, 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடெடுத்து, நோய் தணிந்தும் போக்கிடமற்றிருந்த பெண்களைச் சிறு குழுக்களாகக் குடியமர்த்தி வருகிறது. அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அண்டை வீட்டாரோடு பேசுகிறார்கள். ஆகவே, இது அமெரிக்காவுக்கு மட்டுமே இயலும் காரியம் என்று நாம் சொல்லிவிட முடியாது.

எங்கள் பள்ளிவாசலை ஒட்டி ஒரு பழைய முஸாஃபிர்கானா உண்டு. ஆறு அறைகள், ஓடு சரிந்து, கதவு துருப்பிடித்துப் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. இத்தகைய கட்டடங்கள் நம் ஊர்கள் பலவற்றில் உள்ளன. கூரையை வேய்வதும் கழிவறை கட்டுவதும் எளிது. மாதந்தோறும் மருத்துவர் வர ஏற்பாடு செய்வதும், மருந்துக்கும் உணவுக்கும் பொறுப்பாளரை அமர்த்துவதும், அண்டை வீட்டாரின் அச்சத்தைப் போக்குவதும் கடினம். நியூயார்க்கிலும் கட்டடம் மட்டும் எவரையும் தேற்றவில்லை. கீழ்த்தளத்தில் அமர்ந்திருந்த மனிதர்களே தேற்றினர்.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இம்முஸாஃபிர்கானாவைப் பற்றிப் பேச நேரம் கேட்டிருக்கிறேன். பூட்டுவதற்கு இசைந்தவன், திறப்பதற்கும் பேச வேண்டுமல்லவா? உங்கள் மஹல்லாவிலும் பூட்டிக் கிடக்கும் கட்டடம் எது, திண்ணையில் படுத்திருப்பவர் யார் என்று ஒருமுறை பார்த்து வாருங்கள். அம்மாணவன் இன்னமும் அவ்வப்போது திண்ணையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வருகிறான்.