தோட்டத்துப் பள்ளிக்கூடமும் ‘ஊர்’ என்னும் சொல்லும்

மலாயாத் தோட்டப்புறங்களில் ‘ஊர்’ என்னும் சொல் நெடுங்காலம் ஒரே பொருளில்தான் வழங்கி வந்தது. ‘ஊருக்குப் பணம் அனுப்பினேன்’, ‘ஊரிலிருந்து கடுதாசி வந்தது’, ‘அடுத்த தைக்கு ஊருக்குப் போகிறோம்’ என்று முதியோர் பேசியபோது, சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களில் எங்கோ இருந்த ஒரு சிற்றூரையே அச்சொல் குறித்தது. தாம் உண்டு உறங்கிப் பிள்ளை பெற்று வாழ்ந்த இடத்தை அவர்கள் ‘தோட்டம்’ என்றனர். அது பிழைக்க வந்த இடம், ஊர் அன்று.

இந்த எண்ணம் எங்கே மாறத் தொடங்கியது என்று கேட்பின், சிலர் கோயிலைச் சுட்டுவர். சிலர் தொழிற்சங்கத்தைச் சுட்டுவர். பத்திரிகையைச் சுட்டுவோரும் உளர். அவை யாவும் தத்தம் பங்கை ஆற்றியவையே. ஆயினும் லயத்தின் ஓரத்தில், ஓர் ஆசிரியரும் சில பத்துப் பிள்ளைகளுமாக நடந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்திற்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் துணிபு. அதற்கான காரணங்களை ஈண்டு கூறுவேன்.

இப்பள்ளிகள் கல்விப் பற்றினால் எழுந்தவை அல்ல. ரப்பர்ப் பயிர் பரவி ஆள் தேவை மிகுந்த காலத்தில், 1907-ஆம் ஆண்டில் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கங்காணிமார் தம் சொந்த ஊர்களுக்குச் சென்று உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டினர். அவ்வாறு திரட்டப்பட்டோர் நாகப்பட்டினம், ஆவடி ஆகிய இடங்களிலிருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறிப் பினாங்குக்கும், அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்து இறங்கினர். தனியாளாய் வந்தவன் நாலு காசு சேர்ந்ததும் திரும்பிவிடுவான்; பெண்டு பிள்ளைகளோடு வந்தவன் தங்குவான். இது தோட்டத் துரைமார் நன்கு அறிந்திருந்த கணக்கு. இந்திய அரசாங்கமும் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டத்தின் வழியாகத் தன் மக்களின் நிலையை விசாரிக்கத் தலைப்பட்டது. இவ்விரு நெருக்கடிகளுக்கும் நடுவே பிறந்ததுதான் கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட ஒரே இனப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில், நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்துத் தரவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

பத்துத் தலைகளை எண்ணிய சட்டம், அவர்களுக்குக் கற்பிக்க வரும் தலை எத்தகையது என்று எண்ணிப் பார்க்கவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ, கங்காணியோ, மருந்துக் கொட்டகையில் பணியாற்றியவரோ ஒழிந்த நேரத்தில் ஆசிரியராக அமர்ந்தார். கோயில் மண்டபம், ஆயாக்கொட்டகை, லயத்தின் கடைசி அறை ஆகிய யாவும் பள்ளிக்கூடங்களாயின. முதல் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே கூரையின் கீழ் ஒரே குரலை எதிர்பார்த்திருந்தன. விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய் நண்பகலில்தான் பால் வாளியுடன் திரும்புவாள். அதுவரை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், சில நாள் உடன் சென்று மங்கு துடைப்பதும் பிள்ளைகளின் வேலை. பள்ளிக்கு வருவது இவற்றுக்குப் பிற்பட்டதாகவே இருந்தது. ஊதியத்தைச் சொல்லவே வேண்டா. இத்தனைக் குறைகளையும் வைத்துக்கொண்டு அப்பள்ளிகளை வெறும் ஒப்புக்கு நடந்தவை என்று எழுதிச் செல்வது எளிது. அவ்வாறு எழுதியோரும் உளர். அவர்கள் கட்டடத்தைப் பார்த்தனரேயன்றி, அதனுள் யார் யார் ஒன்றாக அமர்ந்தனர் என்பதைப் பார்த்திலர்.

தோட்டத்து லயங்கள் பெரும்பாலும் கங்காணி வாரியாக அமைந்தவை. ஒரு கங்காணி அழைத்து வந்தோர் ஒரே வட்டாரத்தினர். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவினர். ஆகவே ஒரு லயம் சேலத்துச் சிற்றூராகவும், எதிர் லயம் தஞ்சைச் சிற்றூராகவும் இருந்தன. சில தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாகவும் பிரிந்து கிடந்தன. பெரியவர்கள் தத்தம் லயத்தோடு பேசி, தத்தம் லயத்தோடு உண்டு, ஊரில் இருந்ததைப் போலவே வாழ்ந்து முடிக்க இயலும். பிள்ளைகளுக்கு அது இயலாது போயிற்று. பத்துப் பேர் இருந்தால்தான் பள்ளி என்ற சட்டமே எல்லா லயத்துப் பிள்ளைகளையும் ஒரு பாயில் அமர்த்தியது. வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட பேச்சு, ஆசிரியர் சொல்லக் கேட்டு எழுதும் ஒரே எழுத்துத் தமிழின் முன் அமைதி கண்டது. அவ்வாசிரியரே யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருந்த இடங்களில், பிள்ளைகளின் காதுக்குக் கிடைத்த தமிழ் இன்னும் விரிந்தது.

தெலுங்குப் பிள்ளைகளின் நிலை தனியே குறிப்பிடத் தக்கது. ஆந்திரத்திலிருந்து வந்தோர் மிகுதியாக வாழ்ந்த தோட்டங்களில் தெலுங்குப் பள்ளிகளே இருந்தன. மலையாளப் பள்ளிகளும் இருந்தன. தொகை குறைந்த இடங்களில் அப்பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கே வந்தனர். பிற்காலத்தில் தெலுங்குப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தபோது மேலும் பலர் வந்து சேர்ந்தனர். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியுமாக வளர்ந்த அவர்கள், தமிழைத் தம் மொழியாகவே கொண்டனர். தமிழ் வளர்ந்த வரலாற்றைப் பெருமிதத்தோடு பேசும் நாம், அவர்கள் விட்டுக்கொடுத்ததை நினைப்பது அரிது.

பள்ளிக்கூடம் சாதியை ஒழித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நாளில் பழைய ஊர் மீண்டும் வந்து வாசலில் நின்றது. ஆனால் ஒரே பாயில் அமர்ந்து ஒரே பாடத்தை உரக்கச் சொல்லிய பழக்கம், முன்னோர்க்கு இல்லாத ஒன்று. ‘ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்’ என்ற உறவு, கங்காணி வழியாகவும் சாதி வழியாகவும் வராத புதிய உறவாயிற்று.

பாடநூல்கள் இதற்கு நேர்மாறான திசையைக் காட்டின. நெடுங்காலம் அவை தமிழகத்தில் அச்சிடப்பட்டு இங்கு வந்தவை. காவிரியும் கரிகாலனும், ஏற்றமும் நெற்களமும் அவற்றில் இருந்தன. வாசலுக்கு எதிரே வரிசையாய் நின்ற பால்மரம் இல்லை. அந்நூல்களை இன்று சிலர் எள்ளி நகையாடுகின்றனர். அது நேர்மையன்று. வேறு நூல் இல்லாத காலத்தில் எழுத்தைக் கொடுத்தவை அவையே. என்றாலும், தந்தையின் ஊரைப் புத்தகத்திலும் தன் வாழ்வைத் தோட்டத்திலும் கண்ட பிள்ளைக்கு, அவ்விரண்டும் வேறு வேறு என்பது முதன்முதலில் பள்ளியில்தான் புலப்பட்டிருக்க வேண்டும்.

1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அவ்வேளை மலாயாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தோட்டத்துப் பள்ளிகளே. பின்னர்ப் போர் வந்தது. 1942 முதல் 1945 வரை பல பள்ளிகள் மூடிக் கிடந்தன. நடந்தவற்றில் சிலவற்றில் ஜப்பானிய மொழி நுழைந்தது. சயாம் இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையருள் எண்ணற்றோர் திரும்பவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஊர் என்று காட்ட ஆளே இல்லாமற் போயிற்று. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே இங்குப் பிறந்தவர். 1947-ஆம் ஆண்டிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் இங்குப் பிறந்தவர். பதினாறு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தைப் போல் பெரிய மாற்றம் நம் மக்களின் மலாயா வரலாற்றில் வேறில்லை.

போருக்குப் பின் நிகழ்ந்தவை ஆசிரியப் பெருமக்கள் நன்கு அறிந்தவை. தாய்மொழிப் பள்ளிகள் காலப்போக்கில் மறைந்து, மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகள் அவற்றின் இடத்தைப் பெறவேண்டும் என்று 1951-இல் பார்ன்ஸ் அறிக்கை கூறியபோது தமிழர் எதிர்த்து நின்றனர். 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுப் பாடத்திட்டம் வகுத்தது. மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்களாயின. மலாயாவின் ஆறுகளும் மலைகளும் தமிழ்ப் பாடநூலுக்குள் வந்தன. தோட்டத்துப் பிள்ளை தான் வாழும் நாட்டைத் தன் மொழியில் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அவ்வாறு படித்த பிள்ளைகளும் ஒரு தாளின் முன் தோற்க நேர்ந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் 1968-இல் இயற்றப்பட்டு, 1969-இல் நடைமுறைக்கு வந்தபோது, விண்ணப்பிக்கத் தெரியாமலும் பத்திரங்கள் இல்லாமலும் பல்லாயிரவர் கப்பலேறினர். அவர்களோடு சென்ற பிள்ளைகளைப் ‘பிறந்த மண்ணுக்குத் திரும்பினர்’ என்பது முறையாகாது. அவர்கள் விட்டுச் சென்றதே பிறந்த மண். சென்றது தந்தையின் ஊர்.

இதற்கு முன்பே தோட்டங்கள் துண்டுபடத் தொடங்கியிருந்தன. ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். அவ்வாறு சிதறிய தோட்டங்களில் லயம் கலைந்தது. பள்ளியும் பிள்ளைகளை இழந்தது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 500ஐச் சற்றே கடந்து நிற்கின்றன. மூடப்பட்ட பள்ளிகளின் பெயர்களைக்கூட முழுமையாகத் தொகுத்து வைக்காதது நம் குறைதான்; முதிய ஆசிரியர்கள் இருக்கும்போதே அப்பணியைச் செய்யலாம்.

பின்னாளில் நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போனபோது, பெற்றோரும் ஆசிரியரும் போராடிச் சில பள்ளிகளை நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்த்துக் காத்தனர். ஷா ஆலம் நகரிலுள்ள மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப் பள்ளி அத்தகையது. இன்னும் பல பள்ளிகளின் பெயர்ப் பலகைகளிலும், தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல் இருக்கிறது. மரம் இல்லை, லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை. அங்குப் பயிலும் பிள்ளைகளுட் பலர் பால்மரத்தையே கண்டிராதவர். எங்கே படிக்கிறாய் என்று கேட்டால், தாத்தா பால் வெட்டிய தோட்டத்தின் பெயரைச் சொல்கின்றனர்.